இதயத்தைப் பார்த்துக்கொண்டே போட்ட ஊசி

போன மாதம் ஒரு நாள் காலையில் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி சில வருடங்கள் என்னோடு வேலை பார்த்த பெண். இப்போது மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

"அக்கா, சோலியா இருக்கீகளா?"

"சாம்பாருக்குப் பருப்பு வச்சிருக்கேன். நீ சொல்லு."

"இங்க ஒரு வடக்கத்தி ஆளு அட்மிட் ஆயிருந்தாருக்கா. நம்ம பக்கத்து ஏலத்தோட்டத்துல வேலை பாக்குறவரு. காலா அசார்னு சொன்னாங்க. ஒரே ஒரு டிரிப்புதான் ஏத்துனாங்க. மறுநாளே எந்திரிச்சு வராந்தாவுல நடக்குறாரு. எங்க டாக்டர் சொல்றாரு, முன்னயெல்லாம் இதுக்கு ஆன்டிமனி ஊசிதான், போடியிலகூட யாரோ போட்டிருக்காங்கன்னு. நீங்க போட்டிருக்கீங்களாக்கா? அது எப்படி இருக்கும்?"

"போட்டிருக்கேன்" என்றேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன். உள்ளங்கை வேர்த்துப் போனைப் பிடிக்க முடியாமல் வழுக்கியது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இனி யாருக்கும் ஊசி போட வேண்டியதில்லை. இருந்தும் அந்தப் பேரைக் கேட்டதும் உடம்பு பழைய இடத்துக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பிரியாவிடம் கொஞ்சம் சொன்னேன். முழுசாகச் சொல்ல போன் தோதுப்படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தமயந்தி. போடிக்காரி. மதுரையில் நர்சிங் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் இன்றைக்கும் நினைவில் நிற்பது ஹாஸ்டல் இட்லியின் கனமும், ஊசி போடுமுன் எங்கள் மேட்ரன் எங்கள் கைவிரல்களைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும்தான். விரல் சில்லென்று இருந்தால் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, "போய் உட்காந்து தண்ணி குடிச்சிட்டு வா" என்பார். படித்து முடித்ததும் போடியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கேயே இருந்து அங்கேயே ஓய்வு பெற்றேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நோய் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும். ஜீப் கவிழ்ந்து வருவார்கள், ஏலச்செடிக்கு மருந்தடித்துவிட்டு மயங்கி வருவார்கள். மருந்தடித்தவர்கள் வந்தால் வாயில் நுரை தள்ளும், கண்ணின் பாப்பா கடுகளவு சுருங்கியிருக்கும். விஷத்தை முறிக்க அட்ரோபின் ஏற்றிக்கொண்டே கண்ணைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பூச்சிமருந்து கொல்லும், கொஞ்சம் கூடினால் நாம் ஏற்றும் மருந்தே ஆளைப் பித்துப் பிடித்தவர் போல் ஆக்கிவிடும். சேர்ந்த புதிதில் அப்படி ஒருவர் கட்டிலிலிருந்து எழுந்து, இல்லாத ஏலக்காயைக் காற்றில் பறித்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் நின்று அழுதேன். மருந்தைப் பார்த்து முதன்முதலில் பயந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பெரிய டாக்டர் பரமசிவம் கத்தமாட்டார். ஒரு நோயாளி வந்தால் முதலில் கட்டிலின் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தொடமாட்டார். கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம், "நீ என்னம்மா பாக்குற?" என்று கேட்பார். பரீட்சை வைக்கிற கேள்வி அல்ல அது. சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொள்வார். நிலைமை மோசமாக ஆக அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். குனிந்து கேட்டால்தான் விளங்கும் என்கிற அளவுக்கு அவர் பேசினால், எங்களில் ஒருத்தி அவசர மருந்துத் தட்டை எடுக்கப் போய்விடுவாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்றால் இன்னும் மோசம்.

லக்கனும் சோனாமணியும் வந்த அன்று அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

அவர்களைக் கூட்டிவந்தவர் முருகேசன். ராசிங்காபுரத்துக்காரர், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களை மேய்த்து மேய்த்து அவருக்கு இந்தி வாயில் ஏறியிருந்தது. மலையில் மலையாளத்தோடு பழகியவர், காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வார்.

"புருசன் பொண்டாட்டி சார். ரெண்டு பேருக்கும் விடாமப் பனி. மாசக்கணக்கா இருக்கும்போல. மலேரியா மாத்திரை குடுத்தாச்சு, டைபாய்டு ஊசி போட்டாச்சு, நிக்க மாட்டேங்குது. வயிறு மட்டும் பெருசாகுது."

லக்கனுக்கு முப்பது வயது இருக்கலாம். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் முன்னால் தள்ளி, இடது பக்கம் கல்லை வைத்துக் கட்டியது போல் இருந்தது. டாக்டர் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் விலாவிலிருந்து இறங்கித் தொப்புளைத் தாண்டிவிட்டிருந்தது. பால்பாயின்ட் பேனாவை எடுத்து அதன் விளிம்பை வயிற்றுத் தோலிலேயே கோடு போட்டார். லக்கனுக்குக் கூச்சம், சிரித்தான். சோனாமணிக்கும் அதே வீக்கம், கொஞ்சம் குறைவு. அவள் சிரிக்கவில்லை. டாக்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலும்பு மஜ்ஜையை எடுத்து மதுரைக்கு அனுப்பினோம். காலா அசார் என்று வந்தது. மணல் ஈ கடித்துப் பரவும் கிருமி. ஊரிலிருந்தே உடம்பில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். மருந்து கொடுக்காவிட்டால் ஆள் பிழைப்பது அரிது. எங்கள் யாருக்கும் அந்த நோயைப் பார்த்த பழக்கமில்லை. இந்த நோய் அதிகமுள்ள பீகாரில் டாக்டராக இருந்த தன் பழைய நண்பர் ஒருவருக்கு டாக்டர் போன் போட்டு வெகுநேரம் பேசினார். நரம்பில் ஏற்றும் இன்னொரு மருந்து இருந்தது; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், லக்கனுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் சோர்ந்திருந்தது. இன்றைக்குப் பிரியா பார்த்தாளே, அந்த ஒற்றை டிரிப் மருந்து அன்று எங்கள் கைக்கு எட்டவில்லை. மிஞ்சியது ஆன்டிமனி.

கண் மைக்கு அரைக்கும் அஞ்சனக்கல் இருக்கிறதே, அதற்குள் இருக்கும் உலோகம்தான் ஆன்டிமனி. விஷம். அதை வேறொன்றோடு சேர்த்து விஷத்தைக் குறைத்து ஊசி மருந்தாக்கியிருந்தார்கள். குறைத்திருந்தார்களே தவிர முழுசாக எடுக்க முடியாது. டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

"இது கிருமியையும் கொல்லும், இதயத்தையும் தொடும். கணையத்தைப் புண்ணாக்கும். மூட்டு மூட்டா வலிக்கும். ஈசிஜி பாக்காம ஒரு சொட்டு ஏத்தக்கூடாது. பயப்படாம யாராச்சும் இந்த ஊசியத் தொட்டீங்கன்னா, அவங்க இந்த வார்டுக்கு வேணாம்."

தினமும் காலையில் வேலை இப்படி. முதலில் எடை பார்ப்போம். எடைக்குத் தக்கபடிதான் மருந்தின் அளவு. பிறகு டாக்டர் மேல்வயிற்றில் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்துவார். முகம் சுளித்தால் கணையம் என்று அர்த்தம். அடுத்து ஈசிஜி. அந்தத் தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பெரிய குத்து, அதன் பின்னால் ஒரு சின்ன மேடு விழும். அந்த மேட்டின் நேரத்தில்தான் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. ஆன்டிமனி அந்த மேட்டைச் சப்பையாக்கும், சிலருக்குத் தலைகீழாகக் கவிழ்க்கும். குத்துக்கும் மேட்டின் முடிவுக்கும் இடையே தூரம் நீண்டுகொண்டே போனால், இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம். ஜன்னல் பக்கம் தாளைத் தூக்கிப் பிடித்து டாக்டர் கட்டங்களை எண்ணுவார். நானும் எண்ணுவேன். இருவர் கணக்கும் ஒத்துவந்தால்தான் மருந்து.

தசையில் போட அவர்கள் உடம்பில் தசையே இல்லை. அதனால் மருந்தைச் சலைனில் கலந்து, மெல்லிய ஊசியில், நரம்பில் மெதுவாக ஏற்றினோம். நான் ஏற்றுவேன். டாக்டர் கட்டிலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வைத்திருப்பார். நாடி ஒரு துடிப்பு தப்பினால் அவர் இன்னொரு கையைத் தூக்குவார், நான் நிறுத்திவிடுவேன். அந்த நேரம் முழுக்க அவர் முருகேசனை வைத்து லக்கனிடம் சாப்பாட்டுக் கதை கேட்டுக்கொண்டிருப்பார்.

"இரும்புச் சட்டிய நக்குற மாதிரி இருக்காம் சார் வாயி. ஊறுகா கேக்குறான்."

"குடுக்கலாம்னு சொல்லு. கொஞ்சமா."

முதல் வாரம் நன்றாகவே போனது. சோனாமணிக்குக் காய்ச்சல் இறங்கியது. அவள் வயிற்றில் டாக்டர் போட்ட புதுக் கோடு பழைய கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. அதை அவளே தொட்டுப் பார்த்துவிட்டு, ஆண்கள் வார்டுக்குப் போய்ப் புருசனுக்குக் காட்டினாள். லக்கனுக்குத் தோளும் முழங்காலும் வலித்தன. கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை, அவள்தான் சீவிவிட்டாள்.

அவனுடைய மேடு மெல்லச் சப்பையாகிக்கொண்டு வந்தது. தூரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஆனால் நிறுத்தச் சொல்லும் எல்லைக்குள்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் டாக்டர் பீகாருக்குப் போன் போட்டார். இந்த அளவு மாற்றம் பலருக்கும் வரும், மருந்தை விட்டுவிடாதீர்கள் என்றே பதில் வந்தது.

அன்று காலையிலும் எண்ணினோம். இருவர் கணக்கும் ஒத்தது. எல்லைக்குள் இருந்தது. மருந்து புதுப் புட்டியிலிருந்து எடுத்தேன். ஏற்றினோம். லக்கன் ஊறுகாயைப் பற்றி ஏதோ சொன்னான், முருகேசன் சிரித்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம். சோனாமணி தட்டில் சோறு போட்டுக்கொண்டு அவன் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வராந்தாவில் இருந்தேன். டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. திரும்பினால் லக்கன் எழுந்து உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்துகொண்டிருந்தான்.

ஓடினேன். நாடி இல்லை. பலகையை முதுகுக்கடியில் தள்ளி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். விலா எலும்பு என் உள்ளங்கைக்குக் கீழே நெளிந்தது. டாக்டர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஷாக் கொடுக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திரையில் கோடு கயிறு திரிப்பது போல முறுக்கிக்கொண்டு ஓடியது. ஷாக் கொடுத்தார். துடிப்பு வந்தது. நான் மூச்சு விட்டேன். மறுபடி முறுக்கிக்கொண்டது. மறுபடி கொடுத்தார். கோடு நேராகப் படுத்துவிட்டது. வெகுநேரம் அழுத்தினோம். டாக்டர் என் கைமேல் கையை வைத்து, "போதும் தமயந்தி" என்றது எனக்குக் காதில் விழவில்லை. உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

சோனாமணி கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள். தட்டு கையில் இருந்தது. யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையில் மலைக்குத் திரும்பியிருந்த முருகேசனை மறுபடி வரச் சொன்னோம். வந்தவரை வைத்துக்கொண்டு டாக்டர் அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மிகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"சொல்லுங்க முருகேசன். நாங்க குடுத்த மருந்துதான் அவர் இதயத்த நிறுத்துனது. நோய் நிறுத்தல. மருந்து."

முருகேசன் அவளிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அழுதபடியே தலையை ஆட்டினாள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட ஒருத்தி அப்படித் தலையாட்ட மாட்டாள் என்று மட்டும் தெரிந்தது. டாக்டருக்கும் அது தெரிந்துவிட்டது.

"நான் சொன்னத நீங்க சொல்லல."

முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எப்படி சார் சொல்றது? அவன் விதி முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன். அந்தப் புள்ளைக்கும் அதே ஊசிதான போடுறீக? சொன்னா இனி இங்க இருக்குமா?"

"இருக்கிறதா போறதாங்கிறத அவ முடிவு பண்ணட்டும். சொல்லுங்க."

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவள் அழுகை நின்றது. டாக்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஊசியை ஏற்றியவள் நான்தானே. என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதே மருந்துதானா எனக்குமுன்னு கேக்குது."

"அதேதான்" என்றார் டாக்டர்.

அவள் தன் கையில் நரம்பில் ஊசி ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தாள். ஊசியை உருவி, ரத்தம் சொட்ட, டாக்டரின் முழங்காலருகே தரையில் வைத்தாள்.

மறுநாள் கொட்டகுடி ஆற்றங்கரையில் எரித்தார்கள். தோட்டத்திலிருந்து இரண்டு ஜீப்பு நிறைய அவர்கள் ஆட்கள் வந்தார்கள். முடிந்ததும் முருகேசன் அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தார், ஆனால் இறக்கி விடுவதற்காக அல்ல.

"துணிமணிய எடுத்துக்கிட்டு மேல கூட்டிட்டுப் போயிர்றேன் சார். அங்க அவுக ஆளுக கூட இருக்கட்டும். அவங்க எல்லாம் என்னையத்தான் பாக்குறாங்க சார், நீதான கூட்டிட்டுப் போனன்னு. எனக்கே பயமாருக்கு."

"எனக்கும்தான் பயமாருக்கு" என்றார் டாக்டர். "ஆனா பாதியில விட்டா நோய் திரும்பும். ஊசி வேண்டாம். இப்போதைக்கு ஒண்ணும் போடல. சும்மா இருக்கச் சொல்லுங்க. எங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

ஊசி இல்லை என்றதால் இருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் கட்டிலருகே போனாலே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள்.

டாக்டர் அந்தப் புட்டியில் மிச்சமிருந்த மருந்தை சீல் வைத்துச் சோதனைக்கு அனுப்பினார். சில நேரம் ஒரு குறிப்பிட்ட சரக்கே கெட்டுப்போய் இதயத்தைத் தாக்குவதுண்டு என்று பீகார் நண்பர் சொல்லியிருந்தாராம். அந்தப் புட்டியில் குறையா, லக்கனின் இதயம்தான் தாங்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டருக்கும் தெரியாமலேதான் போனது.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் தவித்தோம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று முதலில் ஒதுக்கிய அந்த இன்னொரு மருந்துக்கு மாற்றலாமா என்று டாக்டர் மதுரையில் கேட்டார். அந்த மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆன்டிமனி உடம்பில் இருக்கும்போது அதைக் கொடுத்தால் இதயத்துக்கு இரட்டை அடி, சில நாள் இடைவெளி விட்டே ஆக வேண்டும் என்றார்கள். மதுரைக்கே அனுப்பிவிடலாம் என்று ஆம்புலன்ஸை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். அவள் படியில் உட்கார்ந்து தூணைக் கட்டிக்கொண்டாள். அந்த வண்டியில்தான் லக்கனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். யாராலும் ஏற்ற முடியவில்லை.

காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு ஊசியைவிடக் கொடுமை. காய்ச்சல் மறுபடி வந்தது. வயிற்றுக் கோட்டைத் தாண்டி மண்ணீரல் மீண்டும் இறங்க ஆரம்பித்தது. ஒரு காலையில் அவள் தலையணை முழுக்க ரத்தம். மூக்கிலிருந்து வடிந்து நிற்கவில்லை. பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். அன்று அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன, என்னுடையவையும்.

டாக்டர் கால்மாட்டில் வந்து நின்றார். "என்னம்மா பாக்குற?"

"இடைவெளி முடியுற வரைக்கும் தாங்காது சார்" என்றேன்.

அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

ஆன்டிமனியே புது சரக்காக மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது, வேறு ஆலையில் செய்தது. அந்த மருந்தையே தொடர்வதென்றும், அளவைப் பாதியில் தொடங்கி மெல்ல ஏற்றுவதென்றும், தியேட்டரில் இருந்த ஒரே மானிட்டரை அவள் கட்டிலுக்குக் கொண்டுவருவதென்றும் முடிவாயிற்று. அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். ஆனால் அவள் சம்மதிக்க வேண்டுமே. முருகேசன் வந்தார். இந்த முறை டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவள் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் கேட்டாள்.

முருகேசன் தயங்கினார். "சிஸ்டர்... நீங்களா இருந்தா இந்த ஊசியப் போட்டுக்குவீகளான்னு கேக்குது."

ஆமாம் என்று வெறுமனே சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தால் அது முடியவில்லை. "பயந்துக்கிட்டேதான் போட்டுக்குவேன்னு சொல்லுங்கண்ணே. எனக்கும் கை நடுங்குதுன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நடுங்குகிறதா என்று நிஜமாகவே பார்த்தாள். நடுங்கியது. அப்புறம் தன் கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து மானிட்டர் அவள் தலைமாட்டில் கூவிக்கொண்டே இருந்தது. என் ட்யூட்டி நேரம் முழுக்க அந்தக் கட்டில்தான். கண்ணை எடுத்தால் ஏதோ நடந்துவிடும் என்று தோன்றும். வீட்டில் குக்கர் விசில் கொஞ்சம் தாமதித்தால்கூட நெஞ்சு திக்கென்னும். "ஏண்டி, தூங்கிக்கிட்டே என் நாடியப் பிடிச்சுப் பாக்குற?" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். எனக்கு அது நினைவே இல்லை.

அவளுக்கும் மூட்டு வலித்தது. வாய் இரும்பாய்க் கசந்தது. சாப்பிட்டதை வாந்தியெடுத்தாள். ஆனால் காய்ச்சல் மறுபடி இறங்கியது, ரத்தம் நின்றது, கோடு மேலே ஏறியது. முருகேசன் தோட்டத்து ஜீப்பில் இறங்கும்போதெல்லாம் இளநீர் கொண்டுவந்தார். "கொண்டா கொண்டான்னு டாக்டர் சொல்லிக்கிட்டே இருக்காரு, பொட்டாசியமாம்" என்று எனக்கே விளக்குவார்.

மருந்து முடியப் போகும் தறுவாயில் அது வந்தது. காலையில் தாளை ஜன்னலில் பிடித்தபோது மேடு தட்டையாக இருந்தது. நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு விழுந்தது. நான் எண்ணினேன். டாக்டர் எண்ணினார். அவர் உதட்டருகே காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"உன் கணக்கு என்ன?"

சொன்னேன். அவர் கணக்கும் அதுதான். லக்கனுக்குக் கடைசி நாளில் இருந்ததைவிட மோசம். எல்லையைத் தாண்டியிருந்தது.

நிறுத்தினோம். பொட்டாசிய மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் ஒவ்வொரு முந்திய துடிப்புக்கும் எனக்கு அந்த டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. சோனாமணி எங்கள் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். ஒரு சமயம் அவளே என்னைக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, கையை விரித்தாள். என்ன ஆகிறது என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரிந்த மொழி எதுவும் அவளுக்குப் புரியாது. கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அப்படி உட்கார எங்களுக்கு அனுமதி கிடையாது. அதைப் பார்த்த டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மேடு மெல்ல எழும்பியது. முந்திய துடிப்புகள் அடங்கின. மிச்சமிருந்த மருந்தைப் பாதி அளவில், இன்னும் மெதுவாக, டாக்டர் நாடியை விடாமல் பிடித்திருக்க ஏற்றி முடித்தேன். கடைசி ஊசியை உருவியதும் அவள் என்னையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். அவள் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதாள். அவன் செத்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதாள்.

மறுபடி எடுத்த மஜ்ஜையில் கிருமி இல்லை என்று மதுரையிலிருந்து வந்தது. அவளுடைய அண்ணன்காரன் ஊரிலிருந்து அழைத்துப் போக வந்திருந்தான். மண்ணீரலை விலாவுக்கு வெளியே தொட முடியவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார், கோடு போட இடமில்லாமல் பையில் வைத்துக்கொண்டார்.

புறப்படும் அன்று சோனாமணி நர்ஸ் அறைக்கு வந்தாள். கையில் துணி முடிச்சு. லக்கனின் எலும்பு அதற்குள் இருந்தது. ஊரில் ஆற்றில் விட வேண்டுமாம். முருகேசனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்தத் தாளு ஒண்ணு வேணுமாம் சிஸ்டர். இதயத்துல எடுப்பீகளே, அது. அவனோடது."

டாக்டரிடம் கேட்டேன். கொடுக்கச் சொன்னார். எதைக் கொடுப்பது என்று யோசித்துவிட்டு, லக்கன் வந்து சேர்ந்த முதல் நாள் எடுத்ததை எடுத்தேன். மருந்து தொடாத துடிப்பு. குத்தும் மேடும் ஒழுங்காக, ஒன்று போல ஓடியது. மேஜையில் விரித்தேன். அவள் ஒரு விரலால் அந்தக் கோட்டின் மேலேயே தடவிக்கொண்டு போனாள், ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கினாள். முருகேசனிடம் ஏதோ கேட்டாள்.

"இதுல உசுரோட இருக்கானான்னு கேக்குது."

"இருக்காரு. நல்லா இருக்காரு."

அவள் தாளை மடிக்கத் தொடங்கினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாளில் மை கிடையாது. சூட்டில் விழும் கோடு. வெயில் பட்டால் வெளுக்கும், படாவிட்டாலும் சில வருடத்தில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். முருகேசனிடம் சொன்னேன். வெயிலில் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், கொஞ்சம் பொறுத்தால் எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

முருகேசன் சொன்னார். வெளியே மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அண்ணன்காரன் கூப்பிட்டான். அவள் தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, படியிறங்கப் போனவள் திரும்பி என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினாள்.

"என்னண்ணே சொல்லுது?"

முருகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டுமாம் சிஸ்டர். அதுக்குள்ள ஊர்ல அவன் ஆத்தா பாத்துருவாளாம்."